கழுவப்பட வேண்டியது எது?

"காக்கை குளித்தால் கொக்காகுமா?" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இயல்பை மாற்ற முயல்வது வீண்வேலை என்பதை உணர்த்தவே இதனைக் கையாளுகின்றோம். இதே கருத்தைக் கூறும் கதை ஒன்று பண்டைய கிரேக்கரிடமும் இருந்தது. ஈசோப்பின் பெயரால் வழங்கும் நீதிக்கதைகளுள் அதுவும் ஒன்று. எத்தியோப்பிய அடிமை ஒருவனை விலைக்கு வாங்கிய ஒருவர், அவனுடைய முன்னைய தலைவரின் கவனக்குறைவால்தான் அவன் உடல் கறுத்துவிட்டது என்று எண்ணினார். வீட்டிற்குக் கொண்டுவந்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நிறம் மாறவில்லை, அடிமை நோயில் விழுந்ததே கண்ட பயன்.

இறைவாக்கினர் எரேமியாவும் தம் நூலின் 13-ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பியர் தம் தோலை மாற்றிக்கொள்ள இயலுமோ என்ற வினாவை யூதாவின் மக்கள்முன் வைக்கின்றார். தீமையில் ஊறிப்போன மனம் நன்மைக்குத் திரும்புவது எத்துணை அரிது என்பதற்கு அவர் காட்டிய உவமை அது. நிறத்தைப் பழித்துக் கூறியது அன்று. கிரேக்கக் கதையிலும் நகைப்புக்கு உரியவர் கழுவியவரே அன்றிக் கழுவப்பட்டவர் அல்லர். ஆயினும், கருமை என்பது கழுவ நினைக்கத்தக்க ஒன்று என்னும் எண்ணம் அக்கதைக்குள் மறைந்தே கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சோப்பு வாணிபம் அந்த எண்ணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்று முதல் இன்றுவரை மேலை நாடுகளின் அழகு விளம்பரங்களில் கறுப்பின மாந்தர் எவ்வாறு காட்டப்பட்டனர், பின்னர் எவ்வாறு வரவேற்கப்பட்டனர், அந்த வரவேற்பு எத்தகையது என்பதை இங்கு ஆராய்வோம். படத்தில் இடம் பெறுவது ஒன்று. அளவுகோலில் இடம் பெறுவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நம் நோக்கம்.

சோப்பும் பேரரசும்

இலண்டன் மாநகரில் 1789-இல் ஆண்ட்ரூ பியர்ஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம், 1807 முதல் ஒளி ஊடுருவும் சோப்பை விற்கத் தொடங்கியது. அக்குடும்பத்தில் பெண்ணெடுத்து, 1865-இல் நிறுவனத்தில் இணைந்த தாமஸ் பாரட் என்பவர்தாம் அதனை உலகறியச் செய்தார். ஓவியர் மில்லே 1886-இல் தீட்டிய, நீர்க்குமிழி ஊதும் சிறுவனின் ஓவியத்தை வாங்கி, அதன் ஓரத்தில் சோப்புக் கட்டியை வரையச் செய்து விளம்பரமாக்கியவர் அவரே.

1880-களில் அந்நிறுவனம் வெளியிட்ட விளம்பரம் ஒன்று இரண்டு படங்களாக அமைந்தது. முதற் படத்தில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் குளியல் தொட்டியில் அமர்ந்திருக்கின்றான். வெள்ளைக் குழந்தை ஒன்று கையில் சோப்புடன் அவனைக் குளிப்பாட்ட நிற்கின்றது. இரண்டாம் படத்தில் அச்சிறுவனின் உடல் கழுத்துவரை வெளுத்துவிட்டது; முகம் மட்டும் கறுப்பாகவே இருக்கின்றது. வெள்ளைக் குழந்தை காட்டும் கண்ணாடியில் தன்னைக் கண்டு அவன் வியக்கின்றான். ஈசோப்பின் கதையில் மூடர் செய்த வேலையை இங்கே ஒரு குழந்தை செய்து முடித்துவிட்டது. இயலாதது என்று பழமொழி சொன்னதை இயலும் என்று சோப்பு சொல்லிற்று. விளையாட்டுத்தனமான படம்தானே என்று அக்காலத்தார் சிரித்துக் கடந்திருப்பர். ஆனால் கருமை என்பது அழுக்கு, வெண்மை என்பது தூய்மை, வெள்ளையர் கழுவிவிடுபவர், கறுப்பர் கழுவப்படுபவர் என்னும் பாடம் அச்சிரிப்போடு சேர்ந்தே வீடுகளுக்குள் நுழைந்தது.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லின் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கான விதிகளை வகுத்தன. அம்மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் இடம் இல்லை. 1899-இல், வெள்ளையரின் ஆட்சியை அவர்கள் சுமக்க வேண்டிய சுமையாக வருணித்து ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் எழுதிய கவிதை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பியர்ஸ் நிறுவனம் அத்தொடரைத் தன் விளம்பரத்தில் எடுத்தாண்டது. வெண்ணிற உடையணிந்த கடற்படைத் தளபதி தம் கப்பலில் கை கழுவுகின்றார். படத்தின் மூலையில் குனிந்திருக்கும் கருநிற மனிதர் ஒருவருக்கு வெள்ளையர் ஒருவர் சோப்பை நீட்டுகின்றார். நாடு பிடிப்பதற்கு நாகரிகம் என்று பெயர். அந்த நாகரிகத்தின் சின்னம் சோப்பு.

இதில் பெரும் முரண்பாடு ஒன்றும் உண்டு. 1807-இல் பிரித்தானியா அடிமை வாணிபத்தைத் தடை செய்தபின், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற பொருள்களுள் முதன்மையானது பனையின எண்ணெய். ஐரோப்பியச் சோப்புத் தொழிலின் மூலப்பொருள்களுள் ஒன்று அது. பின்னாளில் பியர்ஸ் நிறுவனத்தையும் தனதாக்கிக்கொண்ட லீவர் நிறுவனம், 1911 முதல் பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவில் பெரும் நிலப்பரப்பை எண்ணெய்க்காகப் பெற்றது. அங்கே மக்கள் கட்டாய உழைப்புக்கு ஆளானதை வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களோடு எழுதியுள்ளனர். ஆப்பிரிக்கரின் கைகள் பறித்துத் தந்த எண்ணெயிலிருந்து சோப்பு உருவாயிற்று. அவர்களுடைய நிறமே அழுக்கு என்று அச்சோப்பின் விளம்பரம் உலகுக்கு உரைத்தது.

சலவைத் தொழிலாளியின் வாணிபம்

பிறர் வரைந்த படங்களில் வெறும் உருவமாக நின்ற கறுப்பின மக்கள், தாங்களே விளம்பரம் செய்யும் நிலைக்கு வந்தது எவ்வாறு? அதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்ல வேண்டும்.

சாரா பிரீட்லவ் என்பவர் 1867-இல் லூசியானா மாநிலத்தின் டெல்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமைத்தளை அகன்றபின், அக்குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை அவர்தாம். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார். 14 வயதில் மணம். 20 வயதில் கைம்மை. கையில் பெண் குழந்தையோடு செயின்ட் லூயி நகரில் பல ஆண்டுகள் பிறர் துணிகளைத் துவைத்துப் பிழைத்தார். நீர்க்குழாய் இல்லாத வீடுகளில், காரம் மிகுந்த சோப்புகளைப் பயன்படுத்திய ஏழைப் பெண்கள் பலருக்குத் தலைத்தோல் நோயும் முடி உதிர்வும் இருந்தன. அவருக்கும் அத்துன்பம் இருந்தது. ஆனி மலோன் என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணி நடத்திவந்த 'போரோ' கூந்தல் தைல நிறுவனத்தின் முகவராகச் சில காலம் பணியாற்றிய சாரா, 1906-இல் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தபின், 'மேடம் சி. ஜே. வாக்கர்' என்னும் பெயரில் தம் சொந்தத் தயாரிப்பை விற்கத் தொடங்கினார். 1910-இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை அமைத்தார்.

அவருடைய விளம்பரங்களில் நாம் கவனிக்க வேண்டியது, அவற்றில் இருந்த முகம். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று அவர் வெளியிட்ட ஒளிப்படங்கள் அவருடையவையே. தகரப் பெட்டிகளின் மேலும் அவர் முகமே இருந்தது. கறுப்பினப் பெண்ணை விற்பனைப் பொருள்களின்மேல் வீட்டுப் பணியாளாகவோ கேலிச் சித்திரமாகவோ மட்டும் காட்டிய காலத்தில், ஒரு பெண் தம் முகத்தையே தம் பொருளுக்குச் சான்றாக நிறுத்தினார். அப்பொருளை விற்கும் பணியில் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் பயிற்சி பெற்றனர். துணி துவைத்தலும் சமையல் வேலையும் தவிர வேறு பிழைப்பு அறியாதிருந்த அவர்களுக்குச் சொந்த வருமானம் கிடைத்தது. 1917-இல் அம்முகவர்கள் பிலடெல்பியா நகரில் மாநாடு கூடினர். அவ்வாண்டு கிழக்கு செயின்ட் லூயி நகரில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட கொடுமையைக் கண்டித்துக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பியது அம்மாநாடு. கூந்தல் தைலம் விற்ற பெண்கள், கும்பல் கொலைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பினர் என்பது வரலாறு. 1919-இல் இறப்பதற்குச் சற்று முன்னும், கும்பல் கொலை எதிர்ப்பு நிதிக்கு 5,000 டாலர் வழங்கினார் வாக்கர்.

எனினும் அவருடைய தொழிலும் விமர்சனத்திற்குத் தப்பவில்லை. சுருள் முடியைச் சூடான சீப்பால் நீட்டிவிடுவது வெள்ளையரைப் பின்பற்றுவதாகாதா என்று பலர் கேட்டனர். கல்வியாளர் நானி ஹெலன் பர்ரோஸ், 1904-இலேயே, நிறத்தை வெளுக்கவும் முடியை நீட்டவும் பாடுபடும் பெண்களைக் கண்டித்து, நிறமன்று, ஒழுக்கமே மதிப்பிற்குரியது என்று எழுதினார். தாம் முடியை நீட்டுபவர் அல்லர், வளர்ப்பவர் என்று வாக்கர் மறுமொழி கூறிவந்தார். தோலை வெளுக்கும் பசைகளை அவர் தம் வாழ்நாளில் விற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் அவர் மறைந்தபின் அவருடைய நிறுவனமே அத்தகைய பசை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாணிபத்தின் இழுவிசை அத்தகையது.

இக்காலத்தவரான ஆன்டனி ஓவர்டன் என்பவரையும் இங்குச் சுட்ட வேண்டும். அடிமைப் பெற்றோருக்கு 1865-இல் பிறந்த அவர், கருநிறப் பெண்களின் மேனிக்குப் பொருந்தும் முகப்பவுடரை 'ஹை-பிரவுன்' என்னும் பெயரில் தயாரித்தார். அதுவரை பவுடர் என்றாலே வெண்மைதான். பொருளுக்கு ஏற்ப முகத்தை மாற்றாமல், முகத்திற்கு ஏற்பப் பொருளை மாற்றியவர் அவர்.

பொம்மைகள் சொன்ன சாட்சி

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத்தவர் நடத்திய நாளேடுகளும் இதழ்களும் பெரும் நெருக்கடியில் வாழ்ந்தன. பெரிய நிறுவனங்கள் அவற்றுக்கு விளம்பரம் தரத் தயங்கின. தயங்காமல் தந்தவர்களுள் முன்னின்றவர்கள் தோல் வெளுக்கும் பசை விற்பவர்கள். அவர்களுள் பலர் வெள்ளையர். இன உரிமைக்காக முழங்கிய 'சிக்காகோ டிஃபென்டர்' போன்ற ஏட்டின் பக்கங்களிலேயே, வெளுத்த தோலே நல்வாழ்வுக்கும் நல்ல மணவாழ்வுக்கும் வழி என்ற விளம்பரங்களும் அச்சாயின. ஜான் ஜான்சன் 1945-இல் தொடங்கிய 'எபனி' இதழும் இதற்கு விலக்கன்று. 1950-களிலும் 1960-களிலும் வெளுப்புப் பசை விளம்பரங்கள் அதில் தொடர்ந்து வந்தன. தலையங்கம் தலைநிமிரச் சொல்லிற்று. விளம்பரம் தலைகுனியச் சொல்லிற்று. இரண்டையும் ஒரே குடும்பம் ஒரே இதழில் வாசித்தது.

இத்தகைய சூழலில் வளரும் குழந்தையின் உள்ளம் என்னவாகும்? கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர்களான இணையர் 1940-களில் இதனை ஆராய்ந்தனர். நிறம் தவிர வேறெதிலும் வேறுபாடில்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப் போன்றது என்று கேட்டனர். குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றனர். தன்னைப் போன்றது எது என்று காட்ட வேண்டிய நேரம் வந்தபோது, கெட்டது என்று தாம் சுட்டிய பொம்மையையே சுட்ட நேர்ந்த சில குழந்தைகள் அழுதனர். சிலர் அறையைவிட்டு ஓடினர். பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்திற்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17-இல் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் இவ்வாய்வும் இடம்பெற்றது.

விளம்பரம் மட்டுமே அக்குழந்தைகளின் உள்ளத்தைக் காயப்படுத்தியது என்று நாம் கூறவில்லை. பள்ளியும் சட்டமும் தெருவும் அதில் பங்கு கொண்டன. ஆனால் நாள்தோறும், புன்முறுவலோடு, இல்லத்தின் நடுவறைக்கே வந்து அதே பாடத்தைக் கற்பித்தது விளம்பரம்தான். குழந்தை தன் முகத்தைத் தானே வெறுக்கக் கற்றுக்கொள்வதைவிடப் பெரிய கொள்ளை வேறெது?

'ஆனால்' என்னும் சிறுசொல்

விவிலியத்தின் இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் தலைவி தன் கருமையைப் பற்றிப் பேசுகின்றாள். கருமையையும் அழகையும் இணைக்கும் எபிரேய இடைச்சொல் ஒற்றை எழுத்து. 'உம்' என்றும் கொள்ளலாம், 'ஆனால்' என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை 'உம்' என்றே கொண்டது. அதன்படி தலைவி கருமையும் அழகும் உடையவள். புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்போ 'ஆனால்' என்று கொண்டது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாறே. கருமை ஒரு குறை, அக்குறையையும் மீறி அழகு என்பது அதன் தொனி. 1989-இல் வெளிவந்த புதிய திருத்திய ஆங்கிலப் பதிப்பு மீண்டும் 'உம்' என்பதற்குத் திரும்பியது. ஓர் இடைச்சொல்லில் எத்தனை நூற்றாண்டுகளின் மனப்பாங்கு ஒளிந்திருக்கின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த 'ஆனால்' என்பதை நியூயார்க்கின் ஹார்லம் பகுதி இளைஞர் சிலர் தம் வழியில் நீக்கினர். 1962 சனவரி 28 அன்று, ஒளிப்படக் கலைஞர் குவாமே பிராத்வெயிட்டும் அவருடைய சகோதரரும் 'பர்ப்பிள் மேனர்' என்னும் அரங்கில் ஓர் ஆடை அணிவகுப்பை நடத்தினர். கருநிற மேனியும், நீட்டப்படாத இயற்கைச் சுருள்முடியும், ஆப்பிரிக்க முறை ஆடைகளும் கொண்ட பெண்கள் அதில் நடந்து வந்தனர். 'கிராண்டாசா மாடல்கள்' என்பது அக்குழுவின் பெயர். ஒருமுறை மட்டும் என்று எண்ணிய நிகழ்ச்சிக்கு மக்கள் திரண்டமையால் அது பின்னர் ஆண்டுதோறும் நடந்தது. "கறுப்பே அழகு" என்னும் முழக்கம் நாடெங்கும் பரவுவதற்கு அப்பெண்களும் அந்த ஒளிப்படங்களும் பெரிதும் உதவின. அழகுப் பொருளை விற்பதற்காக அவர்கள் நிற்கவில்லை. தங்களைத் தாங்களே காணும் கண்ணை மீட்பதற்காக நின்றனர்.

சந்தை இதனைக் கவனிக்கத் தவறவில்லை. சிக்காகோவில் 1954-இல் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனத்தின் முதற்பொருள், ஆண்களின் சுருள் முடியை நீட்டும் பசை. தொழிலுக்குக் கடன் கேட்டபோது மறுக்கப்பட்டவர், விடுமுறைப் பயணத்திற்கு என்று சொல்லி 250 டாலர் கடன் பெற்றாராம். 1960-களில் காலம் மாறியபோது, இயற்கைச் சுருள்முடிக்கான 'ஆஃப்ரோ ஷீன்' என்னும் பொருளை அவர் வெளியிட்டார். 'சோல் டிரெயின்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நிதி உதவி, அதனிடையே பெருமிதம் மிக்க கறுப்பினக் குடும்பங்களைக் காட்டும் விளம்பரங்களை ஒளிபரப்பினார். 1971-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் நிறுவனம் அதுவே. ஆனால் பெரிய நிறுவனங்கள் இச்சந்தைக்குள் நுழைந்தபின் போட்டி கடுமையாயிற்று. 1993-இல் அந்நிறுவனம் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. முழக்கத்தை விதைத்தவர்கள் ஒருபுறம். அறுவடை செய்தவர்கள் மறுபுறம்.

அளவுகோல் யாருடையது?

1966-இல் டோனியேல் லூனா பிரித்தானிய 'வோக்' இதழின் அட்டையிலும், 1968-இல் நவோமி சிம்ஸ் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அட்டையிலும், 1974-இல் பெவர்லி ஜான்சன் அமெரிக்க 'வோக்' அட்டையிலும் தோன்றினர். ஒவ்வொன்றும் கறுப்பினப் பெண்ணுக்கு அவ்விதழ் அளித்த முதல் அட்டை. இவை பெரிய வெற்றிகளே, ஐயமில்லை. ஆயினும் அட்டைக்குப் பின்னால் என்ன நிகழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய நிறத்திற்குப் பொருந்தும் முகப்பூச்சு ஒப்பனை அறைகளில் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 'எபனி' குழுமம் 1958 முதல் நடத்திவந்த ஆடைக் காட்சிகளில் பங்கேற்ற பெண்கள், இரண்டு மூன்று பூச்சுகளைத் தாங்களே கலந்து பூசிக்கொண்டதைக் கண்ட ஜான்சன் தம்பதியர், பெரிய ஒப்பனை நிறுவனங்களை அணுகினர். அவை முன்வராமையால் 1973-இல் 'ஃபேஷன் ஃபேர்' என்னும் பெயரில் தாங்களே தயாரிக்கத் தொடங்கினர்.

ஒளிப்படச் சுருளின் கதை இதனினும் வியப்பானது. கொடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரியாக அச்சிடுவதற்கென ஒளிப்படக் கூடங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பிற்று. அதில் இருந்தவர் வெள்ளைப் பெண். முதலில் அதில் தோன்றியவரின் பெயரால் அதற்கு 'ஷர்லி அட்டை' என்று பெயர். அவருடைய மேனி சரியாகத் தெரிந்தால் படம் சரி. அதன் விளைவாக, வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் சேர்ந்து நிற்கும் பள்ளிப் படங்களில், கறுப்பினக் குழந்தைகளின் முகங்கள் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும் இருட்டாக மாறின. தாய்மார் முறையிட்டனர். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நிறுவனத்தைப் பழுப்பு நிறச் சாயல்கள்மீது கவனம் செலுத்த வைத்தது அந்த முறையீடு அன்று. தங்கள் பொருள்களின் நிற வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட சாக்லேட் தயாரிப்பாளரும் மரச்சாமான் தயாரிப்பாளருமே. குழந்தையின் முகத்துக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது. பிற்காலத்தில் பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டைகள் வந்தன. நாம் மேலே சொன்ன அளவுகோல் என்பது இதுவே. யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை. ஆனால் யாரைக் கொண்டு எல்லாரும் அளக்கப்பட்டனர் என்பதில் அநீதி அமைதியாகக் குடியிருந்தது.

பல இனத்தவரை ஒன்றாகக் காட்டுவதே தன் அடையாளம் என்று கொண்ட விளம்பரங்களும் வந்தன. இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டனுக்காக ஒளிப்படக் கலைஞர் டோஸ்கானி எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1989-இல் அவர் வெளியிட்ட படத்தில் கறுப்பினப் பெண் ஒருவர் வெள்ளைக் குழந்தைக்குப் பாலூட்டுகின்றார். ஐரோப்பாவில் அது பரிசுகள் பெற்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கோ, தம் குழந்தையைப் பசியோடு விட்டுவிட்டு எசமானரின் குழந்தைக்குப் பாலூட்டிய அடிமைத் தாய்மாரின் நினைவு எழுந்தது. அந்நாட்டில் அப்படம் பயன்படுத்தப்படவில்லை. ஒற்றுமையைக் காட்ட விழைந்தவருக்குத் தீய நோக்கம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. காட்டப்பட்டவர்களின் வரலாற்றைக் கேளாமல் அவர்களைக் காட்டியதே பிழை.

ஒரே ஆண்டில் இரு காட்சிகள்

2017-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனிச்சிறப்பு உடையது. அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று, பார்படோஸ் தீவில் பிறந்த பாடகி ரியானா 'ஃபென்டி பியூட்டி' என்னும் ஒப்பனை வரிசையை வெளியிட்டார். முகப்பூச்சு ஒன்று மட்டும் தொடக்கத்திலேயே 40 சாயல்களில் வந்தது. பல சாயல்களைத் தந்த நிறுவனங்கள் அதற்கு முன்னும் இருந்தன. ஆனால் மிகக் கருத்த மேனியும் மிக வெளுத்த மேனியும் முதல் நாளிலிருந்தே ஒரே வரிசையில், ஒரே விளம்பரத்தில், சமமாக நின்றதுதான் புதுமை. கருஞ்சாயல்கள் விரைவில் விற்றுத் தீர்ந்தன என்று செய்திகள் வந்தன. வாங்குவார் இல்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட காரணம் அன்றோடு பொய்த்தது. பிற நிறுவனங்களும் தம் சாயல்களைப் பெருக்கின.

அடுத்த மாதமே மற்றொரு காட்சி. 2004 முதல் இயல்பான அழகைப் போற்றும் விளம்பரங்களால் நற்பெயர் பெற்றிருந்த டவ் நிறுவனம், முகநூலில் சில நொடிகளே ஓடும் படம் ஒன்றை வெளியிட்டது. கறுப்பினப் பெண் ஒருவர் தம் பழுப்புநிற மேலாடையைக் கழற்ற, அதனுள்ளிருந்து வெள்ளைப் பெண் வெளிப்படுகின்றார். அவர் கழற்ற, மூன்றாம் பெண் ஒருவர். எல்லாப் பெண்களுக்கும் உரியது என்பதே சொல்ல வந்த செய்தி என்று நிறுவனம் விளக்கி, மன்னிப்பும் கேட்டது. அதில் நடித்த கறுப்பினப் பெண்ணும், தாம் எவராலும் ஏமாற்றப்பட்டவர் அல்லர் என்றும், முழுப் படத்தின் நோக்கம் வேறு என்றும் எழுதினார். இருப்பினும் பார்த்தவர்கள் கண்டது 1880-களின் குளியல் தொட்டியையே. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின்னும், சோப்பு, கறுப்பு உடல், வெளிப்படும் வெண்மை என்னும் வரிசை ஓர் அறையில் அமர்ந்து ஒப்புதல் அளித்த எவர் கண்ணிலும் படவில்லை. அந்த அறையில் அமர்ந்தவர் யார், அமராதவர் யார் என்ற வினா அப்போதே எழுந்தது. வரலாற்றை மறந்தவர் அதனையே மீண்டும் வரைந்துவிடுகின்றனர்.

நேர்மையோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இயற்கைச் சுருள்முடிக்காகவும் பின்னலுக்காகவும் பள்ளியிலும் பணியிடத்திலும் ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019 சூலையில் சட்டம் இயற்றியது. அச்சட்டத்திற்காக உழைத்த கூட்டமைப்பைத் தொடங்கியவர்களுள் டவ் நிறுவனமும் ஒன்று. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழி சென்றன. முடி என்ன அத்துணைப் பெரிய செய்தியா என்று கேட்கலாம். 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க அரசு ஆய்வு ஒன்றின் முடிவு 2022 அக்டோபரில் வெளிவந்தது. வேதிப்பொருளால் முடியை நீட்டும் வழக்கமில்லாத பெண்களுள் 100-க்கு 1.64 பேருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்றும், அடிக்கடி நீட்டுபவரிடையே அது 4.05 ஆக உயரலாம் என்றும் அது மதிப்பிட்டது. ஒன்றே மற்றொன்றின் காரணம் என்று இதனால் உறுதியாகிவிடாது. ஆனால் அவ்வழக்கம் கறுப்பினப் பெண்களிடையே மிகுதி என்பதை நினைக்கும்போது, ஈசோப்பின் கதையில் கழுவிக் கழுவி நோயில் விழுந்த அடிமை நம் கண்முன் வருகின்றான்.

நம் வாயிலிலும்

இவ்வரலாறு கடலுக்கு அப்பாலேயே நின்றுவிடவில்லை. பியர்ஸ் சோப்பு இன்று நம் நாட்டிலும் தயாராகி நம் இல்லங்களில் உள்ளது. அதனைத் தயாரிக்கும் குழுமமே 1975-இல் முகத்தை வெளுக்கும் பசையை இந்தியாவில் அறிமுகம் செய்தது. கருத்த பெண்ணுக்கு வேலையும் மணமும் அமையாமல், பசை பூசியபின் அமைவதைக் காட்டிய விளம்பரங்களை நாம் யாவரும் அறிவோம். சென்னையைச் சேர்ந்த பெண்கள் அமைப்பு ஒன்று 2009-இல் இதற்கு எதிராக இயக்கம் தொடங்கியது. கருநிறத்தைக் குறையாகக் காட்டலாகாது என்று விளம்பரத் துறையின் நெறிமுறை அமைப்பு 2014-இல் விதி வகுத்தது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டபின் எழுந்த உலகளாவிய கொந்தளிப்பின் விளைவாக, அவ்வாண்டு சூலையில் அப்பசையின் பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது. பெயர் மாறியது, பசை கடைகளில் தொடர்ந்தது.

ஆகவே, விளம்பரங்கள் மாறிவிட்டன என்று மகிழலாமா, யாவும் வேடமே என்று புறந்தள்ளலாமா? இரண்டும் பொருந்தா. மேடம் வாக்கரின் முகமும், ஹார்லம் பெண்களின் நடையும், 40 சாயல்களும் உண்மையான மாற்றங்கள்; அவற்றால் தலைநிமிர்ந்த சிறுமியர் உண்டு. ஆனால் சந்தை தரும் மதிப்பு, வாங்கும் ஆற்றல் உள்ளவரைதான் நிலைக்கும். ஆதாயம் குறைந்தால் அம்மதிப்பும் திரும்பப் பெறப்படும். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதருக்குரிய மாண்போ விலைக்குத் தரப்படுவதும் அன்று, திரும்பப் பெறக்கூடியதும் அன்று. அதைக் கற்றுத்தரும் பொறுப்பை விளம்பரங்களிடம் விட்டுவிட முடியாது.

அப்பொறுப்பு பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும்போதே நமக்குத் தொடங்குகின்றது. குழந்தை நலமா என்று கேட்குமுன் நிறம் என்ன என்று கேட்கின்றோமா? மணப்பெண் தேடும்போது நாம் சொல்லும் முதல் தகுதி எது? "கறுப்பாக இருந்தாலும் களையான முகம்" என்று பாராட்டுவதாக எண்ணிச் சொல்லும்போது, அந்தப் பழைய 'ஆனால்' நம் நாவிலும் உட்கார்ந்திருக்கின்றதன்றோ? காக்கை குளித்தால் கொக்காகுமா என்ற பழமொழி நம்மிடம் உண்டு. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்ற பழமொழியும் உண்டு. இரண்டில் எதைக் குழந்தைகளின் காதில் போடுகின்றோமோ, அதைக் கொண்டே அவர்கள் கண்ணாடியில் தங்களைக் காண்பார்கள். காக்கை கொக்காக வேண்டிய தேவை எப்போதும் இருந்ததில்லை. கழுவப்பட வேண்டியது பார்க்கும் கண்ணே.